கணையத்தைச் சுடும் கொழுப்பு

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரையை ‘ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மைதான். 1960களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் கருத்தடைக்காக ஆராய்ந்த மருந்து இது. பெண்களிடமோ கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! 1977இல் அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உட்கார வேண்டிய ‘ஏற்பி’ என்ற இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு வழிமறிக்கிறது. கல்லீரலிலோ தானே ஈஸ்ட்ரோஜனாக நடந்துகொள்கிறது. இந்த மருந்தால் மிக அரிதாக வரும் கணைய அழற்சி பெரும்பாலும் இந்த இரட்டை வேடத்தின் விளைவு. அதனால்தான் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடிகிறது.

ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல் கிடைத்தால் கல்லீரல் டிரைகிளிசரைடு கொழுப்பை அதிகமாக ரத்தத்தில் அனுப்பும். அதைக் கரைக்கும் நொதியின் வேகமும் டமாக்சிஃபெனால் குறைகிறது. பெரும்பாலானோருக்கு இது பொருட்படுத்தத்தக்க உயர்வு அல்ல; கெட்ட கொழுப்பான எல்டிஎல் குறைவது லாபம்கூட. ஆனால் நீரிழிவு, தைராய்டு குறைபாடு, பரம்பரைக் கொழுப்புக் கோளாறு ஏற்கெனவே இருந்தால், டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய டிரைகிளிசரைடு அளவு 1000ஐத் தாண்டிவிடலாம். அப்போது எடுத்த ரத்தத்தின் சீரம் பால்போல வெளுத்திருக்கும். கணையத்தின் லைப்பேஸ் நொதி அந்தக் கொழுப்பை உடைக்க, வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் கணையத்தையே புண்ணாக்கும். மேல்வயிற்றில் தொடங்கும் கடும் வலி முதுகுவரை பாயும். இதில் ஒரு பொறியும் உண்டு: கொழுப்பு மிகுந்த சீரத்தில் அமைலேஸ் பரிசோதனை இயல்பான அளவையே காட்டி ஏமாற்றலாம்.

பித்தப்பைக் கல்லும் மதுவும்தானே கணைய அழற்சிக்கு முக்கியக் காரணங்கள், மாத்திரை மேல் ஏன் பழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இங்கே சான்றுகள் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளே. ஆனால் கல்லும் மதுவும் இல்லாதவர்களிடமும் இது பதிவாகியுள்ளது. மாத்திரையை நிறுத்தியதும் டிரைகிளிசரைடு இறங்கியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் இதே வழியில் இதே நோய் வந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

இதையெல்லாம் பேசினால் பெண்கள் பயந்து மருந்தைக் கைவிடுவார்கள் என்பது இன்னொரு கவலை. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுநோயில் 5 ஆண்டு டமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோய் மரணங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அபாயக் காரணிகள் உள்ளவர்களுக்கு மாத்திரை தொடங்கும் முன்பும் சில மாதங்கள் கழித்தும் வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை செய்தால் போதும். அளவு ஏறினால் ஃபைப்ரேட் மருந்து உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாற்று மாத்திரைகளும் உண்டு; அவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுப்பவை, கல்லீரலில் ஈஸ்ட்ரோஜன் வேடம் போடுவதில்லை.