தேடி வருகிறவர்

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள், 14, 15 வயதில், பெற்றோர் அன்று தங்களுக்காகச் சொன்ன விசுவாசத்தைத் தாங்களே வாய்திறந்து சொல்வதற்கான ஆயத்தம் அது. பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்த பிறகுதான் அவர்கள் நற்கருணையில் பங்குபெறுவார்கள். பத்துக் கட்டளைகள், பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம் மூன்றும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். செய்யுள் ஒப்பித்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது சிரமமே இல்லை. ஒப்பித்து முடித்தபின் கேள்விகள் வரும்.

“டீச்சர், கடவுள் பாக்கதுக்கு எப்படி இருப்பாரு?”

“மூணு சாமியா, ஒரு சாமியா?”

“நாம பேசுறது அவருக்குக் கேக்குதுன்னு எப்படித் தெரியும்?”

பிற மதத்து நண்பர்களும் இவற்றைத்தான் வேறு சொற்களில் என்னிடம் கேட்கிறார்கள். கிறிஸ்தவர்கள் கடவுளை யார் என்று நம்புகிறார்கள், அவரை எப்படி அறியலாம் என்கிறார்கள் என்பதை, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்டவர் அவர்

விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கமே கடவுளைத் தந்தை என்றும், வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்றும் சொல்கிறது. அவர் ஒருவரே. அவருக்கு உருவம் கிடையாது. சூரியன், கடல், மலை, மனிதன், தேவதூதர் எல்லாமே அவர் உண்டாக்கியவை. மனித ஆன்மா கடவுளின் ஒரு துளி என்றோ, இந்த உலகமே கடவுளின் உடல் என்றோ கிறிஸ்தவம் சொல்வதில்லை. படைத்தவர் வேறு, படைப்பு வேறு. ஆனால் அந்த வேறுபாடு அவரைத் தொலைவில் வைப்பதில்லை.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், ஆதாமும் ஏவாளும் கட்டளையை மீறிவிட்டு மரங்களுக்கு இடையே ஒளிந்துகொள்கிறார்கள். அப்போது கடவுள் ஆதாமைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். வேதாகமத்தில் கடவுள் மனிதனிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தேடல் அவர் பக்கத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது.

அடுத்து யாத்திராகமம். மாமனாரின் ஆட்டு மந்தையை மேய்த்துக்கொண்டிருந்த மோசே, எரிந்தும் கருகாத ஒரு முட்செடியைக் காண்கிறார். அந்தத் தீயின் நடுவிலிருந்து பேசும் கடவுள் தம் தோற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எகிப்தில் அடிமைப்பட்டிருக்கும் மக்களின் துன்பத்தைப் பார்த்தேன், அவர்கள் கூக்குரலைக் கேட்டேன், அவர்களை விடுவிக்க இறங்கி வந்தேன் என்கிறார். பார்த்தார், கேட்டார், இறங்கி வந்தார். கடவுள் எப்படி இருப்பார் என்று கேட்கிற பிள்ளைக்கு நான் தருகிற முதல் பதில் இது. அவரை அவர் செய்கிற காரியத்தில்தான் அறிய முடியும்.

பிலாத்துவின் பெயர் ஏன்?

இயேசுவின் சீடர்களில் ஒருவரான பிலிப்பு, தந்தையைக் காட்டும், அது போதும் என்று அவரிடம் கேட்டதாக யோவான் நற்செய்தியில் வருகிறது. என் மாணவர்கள் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். என்னைக் கண்டவன் தந்தையைக் கண்டான் என்பது இயேசு தந்த பதிலின் பொருள். கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

அப்படியென்றால் இயேசுவிடம் என்ன காண்கிறோம்? நாசரேத்து என்ற சிற்றூரில் வளர்ந்த ஒரு தச்சர். யாரும் நெருங்காத தொழுநோயாளியைக் கையால் தொட்டுக் குணமாக்கினார். ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். பிடிபட்ட அதே இரவில் சீடர்களின் கால்களைக் கழுவினார். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பது சீடர்களின் சாட்சி. அந்த உயிர்த்தெழுதல் நடக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று அப்போஸ்தலர் பவுலே எழுதிவைத்திருக்கிறார்.

விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டு மனிதர்களின் பெயர்கள்தான் உண்டு. ஒன்று மரியாள். மற்றது, மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. “கெட்டவரோட பேரை எதுக்கு டீச்சர் ஜெபத்தில் சொல்லணும்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவர் பெயர் பொறித்த ஒரு கல்வெட்டு 1961இல் செசரியா நகரின் இடிபாடுகளில் கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது, நாங்கள் நம்புவது காலமும் இடமும் இல்லாத ஒரு கதையை அல்ல, இன்ன நாட்டில், இன்னார் ஆட்சியில் நடந்த ஒன்றை என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிறோம்.

நிசேயாவில் நடந்த வழக்கு

இயேசு கடவுளின் தூதரா, கடவுளேதானா? இந்தக் கேள்வி நான்காம் நூற்றாண்டில் திருச்சபையை உலுக்கியது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்ற குரு, கடவுளின் மகனான இயேசு மிக உயர்ந்தவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலையும் இருந்தது என்று போதித்தார். கேட்பதற்கு எளிமையான போதனை. பலர் ஏற்றுக்கொண்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். மகன் படைக்கப்பட்டவர் அல்ல, தந்தை எப்படிக் கடவுளோ அப்படியே மகனும் கடவுள் என்று அந்தச் சங்கம் அறிக்கையிட்டது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் அதன் விரிவான வடிவத்தைத்தான் நாங்கள் இன்றும் நிசேயா விசுவாசப் பிரமாணம் என்று சொல்கிறோம்.

நிசேயாவுக்குத் தம் ஆயரோடு உதவிக்குருவாக வந்தவர் அத்தனாசியுஸ். பின்னர் அவரே அலெக்சாந்திரியாவின் ஆயரானார். அந்த அறிக்கையை விட்டுக்கொடுக்காததால் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் தம் மக்களை விட்டுப் பிரிந்திருந்தார்.

இதற்காக ஒருவர் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அதையே சொல்வேன். வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் ஏறும்போது, மேட்டிலிருந்து போனில் தைரியம் சொன்னவர்களும் உண்டு, கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தவர்களும் உண்டு. இயேசு ஒரு தூதர் மட்டுமே என்றால் கடவுள் மேட்டிலேயே நின்று ஆள் அனுப்பினார் என்றாகிவிடும். நிசேயா சொல்வது, இறங்கி வந்தவர் கடவுளே என்று. அதற்குப் பிறகு அத்தனாசியுஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மூன்று சாமியா?

எங்கள் ஊரின் ஊசிக்கோபுரத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மிஷனெரி இரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல் எழுந்த அந்தப் பேராலயத்தின் பெயர் தூய திரித்துவப் பேராலயம். திரித்துவம், அதாவது ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவியானவர் என மூவராய் இருக்கிறார் என்பது, கிறிஸ்தவர்களுக்கே கடினமான பாடம். அதை விளக்கத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணம் பல இடங்களில் சொல்லப்படுகிறது. நான் அதைச் சொல்வதில்லை. ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற தவறான எண்ணத்தை அது விதைத்துவிடும்.

வேதாகமம் காட்டுவதை மட்டும் சொல்கிறேன். யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெறும்போது மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறா போல் இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம்மிடமே ஜெபிக்கவில்லை, தந்தையிடம் ஜெபிக்கிறார். ஆகவே தந்தை வேறு, மகன் வேறு, தூய ஆவியானவர் வேறு. ஆனால் பத்துக் கட்டளைகளின் முதல் கட்டளை என்னைத் தவிர வேறு கடவுள் உனக்கு இருக்கக்கூடாது என்கிறது. மூவராய் இருக்கிறவர் ஒரே கடவுள். புனித அகுஸ்தீன் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் சிந்தித்து 15 புத்தகங்கள் கொண்ட ஒரு பெருநூல் எழுதினார். அவரும் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை.

எனக்கு இந்தப் பாடத்தைத் திறந்துவிட்டது ஒரு கேள்வி. உலகத்தைப் படைப்பதற்கு முன் கடவுள் யாரை நேசித்தார்? கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் தம் நிருபத்தில் சொல்கிறார். நேசிக்க யாருமே இல்லாத தனிமையில் அவர் இருந்திருந்தால், அன்பு அவரிடம் பின்னால் வந்து சேர்ந்த ஒன்றாகிவிடும். திரித்துவ நம்பிக்கையின்படி அப்படி இல்லை. தந்தை மகனை நேசிக்கிறார், மகன் தந்தையை நேசிக்கிறார், ஆவியானவரில் அந்த அன்பு நிறைந்திருக்கிறது. உலகம் பிறப்பதற்கு முன்பே இது இப்படித்தான். தனிமை தாங்காமல் அவர் நம்மைப் படைக்கவில்லை. தம்மிடம் நிறைந்திருந்த அன்பில் பங்கு கொடுக்கவே படைத்தார்.

அறிவது எப்படி?

கடவுளை அறியப் பல வாசல்கள் உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது. படைப்பைப் பார்த்து அவர் இருக்கிறார் என்று உணரலாம். மனச்சாட்சியின் குரலில் அவர் நீதியைக் கேட்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்பதை வேதாகமத்திலும், அதன் மையமான இயேசுவிலும் தெளிவாகக் காணலாம். தமிழில் புதிய ஏற்பாடு மிஷனெரி சீகன்பால்குவின் முயற்சியில் தரங்கம்பாடியில் அச்சேறிய 1714, 1715 தொட்டு, தமிழர்கள் இயேசுவைப் பற்றித் தங்கள் மொழியிலேயே அச்சில் வாசித்துவருகிறார்கள்.

அப்படி அறிந்துகொண்டவர்களில் எனக்கு நெருக்கமானவர் எங்கள் மாவட்டத்துக் கரையிருப்பில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பம், கம்பனில் ஊறிய தமிழ்ப் புலமை. சாயர்புரத்தில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். திருமாலைப் பாடிய ஆழ்வார்களின் உருக்கத்தை அவர் இழக்கவில்லை. 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தில் அந்த உருக்கம் இயேசுவை நோக்கித் திரும்பியிருக்கிறது. கடவுளை அறிவது என்பது அவரிடம் நம் முழு உள்ளத்தையும் கொடுப்பது என்று அவரிடம்தான் கற்றேன்.

அதனால்தான் ஜெபம் முக்கியம். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் கடவுளைத் தந்தையே என்று அழைத்துத் தொடங்குகிறது. சீர்தூக்கிய சொற்கள் தேவையில்லை. அன்றாட உணவையும் கேட்கலாம், மன்னிப்பையும் கேட்கலாம்.

ஒரு வருடம், தந்தையை இழந்த ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். “நான் எவ்வளவோ ஜெபம் பண்ணுனேன் டீச்சர். அவரு கேக்கலியே” என்றாள். வேதாகமத்தில் யோபுவின் நூலில் நண்பர்கள் அவர் துன்பத்துக்கு வரிசையாகக் காரணம் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைத்தான் கண்டிக்கிறார். அதனால் நான் அவளுக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசுவும் இந்தத் துன்பம் நீங்கட்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை, சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறினார் என்று மட்டும் சொன்னேன். துன்பம் ஏன் என்பதற்குக் கிறிஸ்தவத்திடம் முழு விடை இல்லை. கடவுள் அந்தத் துன்பத்துக்குள்ளேயே வந்திருக்கிறார், மரணம் கடைசி வார்த்தை அல்ல என்பதுதான் எங்களிடம் இருப்பது. இதை நான் மனதார நம்புகிறேன்.

சோதித்துப் பார்க்கும் இடம்

ஒருவர் கடவுளை அறிந்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? கண்ணால் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்பது யோவானின் அளவுகோல். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவனுக்கும் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று தீர்ப்பு நாளில் சொல்வேன் என்கிறார் இயேசு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் எழுந்ததற்கும், 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் 1951இல் இறக்கும் வரை தாய்நாடு திரும்பாமல் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்ததற்கும் வேர் இந்த வசனங்களில் இருக்கிறது.

இதே அளவுகோலால் எங்களையும் அளக்க வேண்டும். ஒரே நற்கருணைப் பாத்திரத்தில் பருகிவிட்டு, சாதி பார்த்துப் பெண் எடுக்கும் வழக்கம் கிறிஸ்தவர்களிடையே இன்றும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை பார்த்த ஊர்கள் உண்டு. அது விசுவாசப் பிரமாணத்தை வாயால் சொல்லி வாழ்க்கையால் மறுப்பது. கடவுள் எல்லாருக்கும் தந்தை என்றால், மனிதரில் மேல் கீழ் என்று பிரிக்க எனக்கு உரிமை இல்லை. எங்கள் பக்கத்து அசனப் பண்டிகையில் ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதை நான் திரித்துவப் பாடத்தின் செய்முறை என்றே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பந்தி முடிந்து வீடு திரும்பும்போதும் அது தொடர வேண்டும் என்றும் சொல்கிறேன்.

தொடங்க விரும்பும் வாசகருக்கு லூக்கா நற்செய்தியைச் சொல்வேன். 24 அதிகாரங்கள். சில மணி நேரத்தில் வாசித்துவிடலாம். அதன் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தொலைவில் கண்டதும், அந்த வயதான தகப்பன் ஓடிப்போய்க் கட்டி அணைக்கிறார். மகன் மன்னிப்புக் கேட்க ஆயத்தம் செய்துவந்த பேச்சை முடிக்கவும் விடவில்லை. கடவுள் இப்படிப்பட்டவர் என்று இயேசு சொன்னார், அப்படியே வாழ்ந்தும் காட்டினார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. கிறிஸ்தவர்களின் கடவுள் யார் என்று அறிய வேண்டுமானால், எங்கள் சொற்பொழிவுகளை வைத்தோ எங்கள் குறைகளை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். அந்த ஒருவரைப் பாருங்கள். அவரைப் பார்த்த பிறகு எங்களிடம் கேள்வி கேளுங்கள்.