முகூர்த்தத்துக்கு முன் நிறுத்தும் மாத்திரை

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், பல வீடுகளில் முதலில் ஒளித்துவைக்கப்படுவது மாத்திரை அட்டைதான். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயம். "ரெண்டு வருஷமா வரவே இல்லையே, இனிமே எதுக்கு?" என்ற தைரியமும் கூடவே சேர்ந்துகொள்ள, மருத்துவரைக் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த இரண்டு வருடக் கணக்கை நம்ப முடியாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பு வராதிருந்த 1,013 பேரை வைத்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 78 சதவீதம் பேர் அடுத்த இரண்டு ஆண்டுகளும் வலிப்பின்றி இருந்தார்கள். நிறுத்தியவர்களில் 59 சதவீதம்தான். அவர்கள்கூட மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்தவர்கள்.

ஒரே நாளில் நிறுத்துவது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. குறிப்பாக ஃபினோபார்பிட்டோன், குளோபசாம் போன்றவற்றுக்கு மூளை பழகியிருக்கும். அவை திடீரென்று இல்லாமல் போனால், முன்பு இருந்ததைவிடக் கடுமையான வலிப்பு வரலாம். நினைவு திரும்பும் முன்பே அடுத்தது, அதற்கடுத்தது என்று தொடரவும் கூடும். ஐந்து நிமிடம் தாண்டினாலே அவசரநிலை. அரை மணி நேரம் நீடித்தால் மூளை செல்கள் நிரந்தரமாகச் சேதமடையலாம். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் ஒருவர், வேறு காரணம் எதுவும் தெரியாமல் திடீரென இறக்கிறார். பெரும்பாலும் இரவில், தூக்கத்தில். கட்டுக்குள் வராத பெருவலிப்பு இருந்தால் இந்த ஆபத்து ஏறுகிறது.

கல்யாண வீட்டில் யார் தூங்குகிறார்கள்? தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். பதின்வயதில் தொடங்கி, காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து, பிடித்திருக்கும் டம்ளர் நழுவிவிழும் வலிப்பு வகை ஒன்று உண்டு. அந்த வகை உள்ளவர்களுக்குத் தூங்காத இரவுதான் முதல் எதிரி. மருந்தை நிறுத்தினால் அவர்களில் பெரும்பாலானோருக்கு வலிப்பு திரும்பிவிடும்.

நிறுத்தியது தவறென்று தெரிந்து, பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவதும் ஆபத்துதான். லாமோட்ரிஜின் சாப்பிட்டவர்கள் சில நாள் விட்டுவிட்டு முழு அளவில் ஆரம்பித்தால், உயிருக்கே உலை வைக்கும் தோல் ஒவ்வாமை வரலாம்.

பெண்ணைப் பெற்றவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஒருகாலத்தில் சட்டமே அந்தப் பயத்துக்குத் துணைநின்றது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். இன்று மறைப்பதால் மிஞ்சுவது, புகுந்த வீட்டில் மாத்திரை போட முடியாத பெண்.

மறைத்தால் இன்னொன்றும் தள்ளிப்போகும்: கர்ப்பத்துக்கு முந்தைய ஏற்பாடு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்றுக்குப் பிறவிக் குறை ஏற்படுகிறது. மூன்று நான்கு பேருக்கு மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டாம் இரண்டிலும் இந்த ஆபத்து மிகக் குறைவு. மருந்தை மாற்றுவது, ஃபோலிக் அமிலம் தொடங்குவது எல்லாம் கரு உண்டாகும் முன்பே நடக்க வேண்டும். முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிப்பதே ஏறக்குறைய அப்போதுதான். எனவே நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு போக வேண்டிய இடம் நரம்பியல் மருத்துவரின் அறை, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.