பிரபஞ்ச சக்திக்கு எல்லையுண்டோ?

விளக்கெரிவதும், வண்டி ஓடுவதும், நாம் உண்ட சோறு உடலில் வெம்மையாய் நிற்பதும் சக்தியினாலேயே நிகழ்கின்றன. இங்ஙனம் யாண்டும் செலவாகிக்கொண்டிருக்கும் இச் சக்தி, பிரபஞ்சம் முழுவதையும் நோக்குங்கால், ஓர் அளவிற்குட்பட்டதோ, அன்றி அளவிறந்ததோ என்னும் வினா சிந்திப்பார் உள்ளத்தில் எழுவது இயல்பே. இதனைப் பௌதிக நூலார் ஆராய்ந்துள்ள முறையை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

சக்தியென்பது கையாற் பற்றத்தக்க பொருளன்று. வேலை செய்தற்குரிய தகுதியின் அளவேயாம். அது வெப்பமாகவும், ஒளியாகவும், இயக்கமாகவும், மின்சாரமாகவும் வடிவம் மாறும்; மாறினும் மொத்தம் குன்றாது. 1842ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியராகிய மாயரும், அதனையடுத்து மான்செஸ்டர் நகரத்து ஜூலும், 1847ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இவ்வுண்மையை நிலைநாட்டினர். ஜூல் என்பார் கீழிறங்கும் எடைகளைக் கொண்டு, பாத்திரத்து நீரினுள் துடுப்புக்களைச் சுழற்றி, அந்நீர் சூடேறுவதை அளந்தார். ஒரு ராத்தல் எடை 772 அடி உயரத்தினின்று இறங்குங்கால் செய்யும் வேலை, ஒரு ராத்தல் நீரைப் பாரன்ஹீட் அளவையில் ஒரு பாகை சூடாக்கும் என்பது 1850ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபு. எடையின் கணக்கிற் பற்றானது, வெப்பத்தின் கணக்கில் வரவாயிற்று.

மொத்தம் குன்றாதெனின் கவலையென்னை என்று சிலர் வினவலாம். வெந்நீர்ச் செம்பொன்றை அறையில் வைத்தால் சிறிது பொழுதில் ஆறிவிடுகிறது. வெப்பம் அழியவில்லை; காற்றிலும் சுவரிலும் பரவிவிட்டது. ஆயினும், பரவிய வெப்பம் தானே திரண்டு மீண்டும் அச்செம்பினுட் புகுதலை எவரும் கண்டிலர். வேலை நடைபெறுவதற்குச் சூடும் குளிர்ச்சியும் போன்றதொரு வேற்றுமை வேண்டும். அவ்வேற்றுமையோ நாளுக்கு நாள் தேய்கின்றது. இத்தேய்வை அளக்கும் அளவைக்குக் கிளாசியஸ் என்பார் 1865ஆம் ஆண்டில் எண்ட்ரொபி எனப் பெயரிட்டார். ஆகவே சக்தியின் தொகை வேறு, பயன்படும் சக்தி வேறு என்பது முதற்கண் மனத்திற்கொள்ளத் தக்கது.

இனி, தொகைக்கு எல்லையுண்டோ என நோக்குவோம். இதற்கு இரவின் இருளே ஒரு சான்றாகும். விண்மீன்கள் எல்லையற்ற வெளியெங்கும் நிறைந்து, தொடக்கமின்றி என்றும் ஒளிர்வனவாயின், எத்திசை நோக்கினும் நம் பார்வை ஒரு விண்மீனின் முகத்திற் சென்று முட்டவேண்டும். இரவும் பகலினும் மிக்கு ஒளிரவேண்டும். பிரெமன் நகரத்து வைத்தியரும் வானநூல் வல்லாருமாகிய ஓல்பர்ஸ் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வினாவை எழுப்பினார். இரவு இருண்டிருத்தலின், நம்மை வந்தடைந்த ஒளி அளவுடையதென்பது பெறப்படும். பிரபஞ்சம் இன்றுள்ளவாறு விரியத் தொடங்கி ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே ஆயின என்பதே இதற்குத் தலையாய காரணம். வெளி விரிந்துகொண்டே வந்தமையால், நாம் காணத்தக்க பகுதியின் எல்லை இன்று எப்பக்கமும் 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. இப்பகுதியினுள் அடங்கிய சக்தி மிகப் பெரிதாயினும் அளவுடையதே. அதற்கு அப்பாலும் வெளி முடிவின்றிச் செல்லுமாயின், ஆண்டும் இவ்வாறே பொருள் நிறைந்திருக்குமாயின், தொகை அளவிறந்ததாகும். அங்ஙனம் செல்கிறதோ அன்றோ என்பதை எந்தக் கருவியும் இதுகாறும் காட்டவில்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஓர் அமைப்பின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒரு தன்மையவாயிருப்பின் அதன் சக்தியும் மாறாது நிற்கும் என்பதை எம்மி நேதர் அம்மையார் 1918ஆம் ஆண்டில் கணித முறையால் நிறுவினார். விரியும் வெளியோ நேற்றிருந்தவாறு இன்றில்லை. 1965ஆம் ஆண்டில் பென்ஸியாஸ், வில்ஸன் என்னும் இருவர் அறிவித்த தொல்லொளியை நோக்குக. பிரபஞ்சம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுப் பருவத்ததாயிருந்தபோது புறப்பட்ட அவ்வொளியின் அலைகள், வெளியோடு தாமும் நீண்டு, இன்று ஏறத்தாழ 1,100 மடங்காயின. அலை நீளுமளவு ஒளித்துகளின் சக்தி குறையும். குறைந்த அச்சக்தி எப்பெட்டியிற் சென்று சேர்ந்தது? ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பு நூல், விரியும் பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரே மொத்தக் கணக்கை ஐயமின்றி எழுதுதற்கு வழி தருவதில்லை. அன்றியும், விரிவின் வேகம் மிகுகின்றதென 1998ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதற்குக் காரணமாகக் கருதப்படும் இருட்சக்தி இன்று பிரபஞ்சத்தின் சக்தியில் நூற்றுக்கு 68 பங்களவு உள்ளதென்பர். வெளி பெருகப் பெருக அதுவும் உடன் பெருகுவதாகத் தோன்றுகிறது. ஈர்ப்பினால் வரும் எதிர்மறைச் சக்தியையும் சேர்த்தால் கூட்டுத்தொகை பூச்சியமாகலாம் என டிரையன் என்பார் 1973ஆம் ஆண்டில் ஊகித்தார். எனவே, எல்லையுண்டோ இல்லையோ என்பதற்கு முன், மொத்தம் என்பதற்கே பொருளுண்டோ என்பது வினாவாய் நிற்கின்றது.

இவ்வினா முடிவுறாதெனின் இதனால் நமக்குப் பயன் யாது? கடல் நிறைய நீரிருப்பினும் தாகத்திற்கு உதவுவது கிணற்று நீரேயாம். நமது கிணறு சூரியன். அது நொடிதோறும் ஏறத்தாழ 40 லட்சம் டன் பொருளை ஒளியாக மாற்றிச் செலவிடுகிறது. இன்னும் 500 கோடி ஆண்டளவு அவ்வாறு ஒளிரும். அந்தக் கிணற்றிற்கும் அடியுண்டு. நிலக்கரியின் பெரும்பகுதி, 30 கோடி ஆண்டளவிற்கு முன்னர் வாழ்ந்த தாவரங்கள் சேர்த்துவைத்த சூரிய ஒளியே. அச்சேமிப்பைச் சில தலைமுறைகளுக்குள் எரித்துப் புகையாக்கி வருகிறோம். பிரபஞ்ச சக்தி அளவிறந்ததென நாளை மெய்ப்பிக்கப்படினும், எரிந்த கரி மீண்டும் கரியாகாது. பரவிய வெப்பம் அடுப்பிற்குத் திரும்பாது.

பண்டகசாலை எத்துணைப் பெரிதென்று உக்கிராணக்காரனை எவரும் வினவுவதில்லை. அவன் கையில் ஒப்புவித்த சாவி திறக்கும் அறைக்கே அவன் கணக்கொப்புவித்தல் வேண்டும். நமது நிலையும் அதுவேயாம்.