கொடுவாவுக்கு ஏற்ற ரீல் எது?

தூண்டிலிடுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மவரிற் பலர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பதும், இரவில் விடைத்தாள் திருத்துவதும், மாலையில் மருதானைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுமாகக் கழியும் எமது வாழ்க்கையில் ரீல் என்னும் அச்சிறு யந்திரத்துக்கு இடமே இருக்கவில்லை. இந்நிலையை மாற்றியவர், மாளிகாவத்தையில் எமது வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் வசிக்கும் ஹாஜியார் ஆவார்.

ஹாஜியார் புகையிரதத் திணைக்களத்தில் யந்திரப் பகுதியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மருதானையிற் கரையோரப் புகையிரதம் ஏறி, மொறட்டுவையில் இறங்கி, பொல்கொட வாவிக்குச் செல்வது அவருடைய நாற்பது ஆண்டு வழக்கம். மழையும் வெயிலும் அவரைத் தடுத்ததில்லை. நோன்பு மாதத்தில் மாத்திரம் தூண்டிற்கோல் சுவரிற் சாத்தியிருக்கும். எங்கள் வீட்டிற் கந்தசஷ்டி ஆறு நாளும் மீன் வாடையே கூடாது என்று இல்லாள் விதித்திருப்பது போலத்தான் இதுவும் என்று ஒருமுறை அவரிடம் கூறி நகைத்தோம்.

பொல்கொட வாவி பாணந்துறையிற் கடலோடு கலக்கின்றது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடமாதலின் கொடுவாவுக்கு அது மிக உகந்த உறைவிடம். கொடுவா விநோதமான மீன். ஆற்றிலும் வாவியிலும் வளர்ந்து, முட்டையிடும் பருவத்திற் கழிமுகத்தை நாடிச் செல்லும். பெரும்பாலானவை முதலில் ஆணாகவே பருவமெய்திச் சில ஆண்டுகளின் பின்னர் பெண்ணாக மாறிவிடும். ஆகவே மிகப் பெரிய கொடுவா ஒன்று அகப்பட்டால் அது அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். இதனை அறிந்த நாள் முதல் ஹாஜியார் பெரியவற்றை மறுபடியும் நீரிலே விட்டுவிடுகிறார். அவருடைய வீட்டார் இதற்காக அவரைக் கடிந்துகொள்வது எமது வீடு வரை கேட்கும்.

அமெரிக்காவிலே ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிற் பிடிப்பது ஒரு பெரும் மோகம். அதற்கென்றே ஆண்டுதோறும் புதுப்புது ரீல்கள் செய்யப்படுகின்றன. நமது கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடற்பாஸ் என்று அழைப்பதுண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்றாலும் குணத்தில் உறவினரே. மரவேரின் மறைவிற் பதுங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வி, மறுகணமே மறைவிடத்துக்குத் திரும்ப ஓடும். எனவே அங்கே பாஸுக்கென்று ஆக்கப்பட்ட ரீல் இங்கே கொடுவாவுக்கும் பயன்படுகின்றது. அவற்றுள் எதனை வாங்குவது என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே இங்கு வந்துவிட்டது.

சென்ற ஆண்டு ஹாஜியாருக்கு இலேசான பாரிசவாதம் கண்டது. இறைவன் அருளால் நடையும் பேச்சும் மீண்டன. வலக்கைப் பெருவிரல் மாத்திரம் முன்போல இசையவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்கும், ஆனால் நுட்பமாக எதையும் அழுத்தி உணராது. கட்டாரில் வேலை செய்யும் அவருடைய மகன் விடுமுறையில் வரவிருந்தார். “வாப்பாவுக்குப் புது ரீல் கொண்டு வாறேன், எது வேணும் எண்டு சேரிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்று தொலைபேசியிற் கூறிவிட்டார். பௌதிகவியல் கற்பிப்பவருக்கு எல்லா யந்திரங்களும் விளங்கும் என்பது அயலவரின் நம்பிக்கை.

நாம் ஹாஜியாரிடம் சென்றபோது அவர் சாய்வு நாற்காலியிற் படுத்திருந்தார். விஷயத்தைக் கூறினோம். பதிலாக வந்தது ஒரு வசனம்தான். “சேர், ரீல் வாங்கலாம். பெருவிரல எங்க வாங்குற?”

இக்கூற்றின் பொருளை விளங்கிக்கொள்ள நமக்குச் சில தினங்கள் சென்றன. கடைகளிலே விற்கும் ரீல்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்றிலே நூல் சுற்றிய உருளை அசையாது நிற்க, நூல் மாத்திரம் அதன் விளிம்பால் வழுக்கி வெளியேறும். குழந்தையும் இதனைக் கையாளலாம். மற்றதிலே எறியும்போது உருளையே சுழன்று நூலை விடும். ஹாஜியார் ஆயுள் முழுவதும் பாவித்தது இந்த இரண்டாம் வகை. குறிவைத்த இடத்திலே இரையை வீழ்த்துவதற்கும், பருத்த தங்கூசியைத் தாங்குவதற்கும், முரட்டு மீனை வேர்களிலிருந்து இழுத்தெடுப்பதற்கும் இதற்கு நிகரில்லை. ஆனால் ஓர் இடர் உண்டு. எறிந்த இரை காற்றின் தடையால் வேகம் குறையும். உருளையோ தொடங்கிய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். போக வழியில்லாத நூல் உருளையின் மேற் குவிந்து சிக்கிப் போகும். வல்வெட்டித்துறையிற் பட்டம் விடும் சிறுவனின் நூல் பனையோலையிற் சிக்குண்ட கோலத்தை வாசகர் நினைவுகூர்க. அதனினும் பத்து மடங்கு மோசமான சிக்கு அது. இதனைத் தடுப்பது உருளையின் மேல் மெல்லெனப் பதியும் பெருவிரலே. இரை நீரைத் தொடும் கணத்திற் பெருவிரல் அழுந்தி உருளையை நிறுத்த வேண்டும். இக்கலை ஓரிரு நாளில் வருவதன்று.

ஹாஜியாரிடம் இருந்தது சிவப்பு நிறமான பழைய அம்பாசடர் 5000. 1975 ஆம் ஆண்டு தோட்டங்கள் அரசுடைமையானபோது தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அவருடைய வாப்பா விலைக்கு வாங்கியது. உருண்டை வடிவம், கையிற் கனக்கும் உலோகம். ஒருமுறை நூலைச் சீராகப் பரப்பும் சிறு பல் தேய்ந்துபோக, மருதானையிற் கைக்கடிகாரம் திருத்தும் முதியவர் ஒருவரே அதனை அராவிப் பொருத்திக் கொடுத்தாராம். உருளைக்குரிய பெயாரிங்கைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலே அளவு பார்த்துத் தேடிப் பிடித்தார்கள்.

ரீலைக் கடிகாரக்காரர் திருத்தியது தற்செயல் என்று நாம் எண்ணினோம். நூல்களைப் புரட்டிய பின்னர்தான் அது குலத்தொழில் என்று தெரிந்தது! இவ்வகை ரீல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திற் பிறந்தது. அதனை உருவாக்கிய ஜோர்ஜ் ஸ்னைடர் பாரிஸ் என்னும் சிற்றூரிற் கடிகாரம் செய்தவர். அவருக்குப் பின் புகழ்பெற்ற மீக் சகோதரரும் கடிகாரத் தொழிலாளரே. பற்சில்லுகளை நுட்பமாக வெட்டத் தெரிந்தவர் அக்காலத்தில் வேறு யார்? ஹாஜியாரின் அம்பாசடரைச் செய்த சுவீடன் தேசத்துக் கம்பனியும் 1921 இற் கடிகாரத் தொழிற்சாலையாகவே தொடங்கியது. பின்னர் வாடகைக் கார்களுக்கு மீற்றர் செய்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குத் தேவை குறைய, ரீல் செய்வதில் இறங்கியது. அம்பாசடர் 5000 வெளிவந்தது 1950களின் முற்பகுதியில். அதே 1921 இல் யப்பானின் சாக்காய் நகரிலே சைக்கிள் உறுப்புக்கள் செய்யத் தொடங்கிய ஷிமானோ கம்பனி, 1970 முதல் தூண்டிற் கருவிகளிலும் கைவைத்தது. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய படங்களிற் பாதி இக்கம்பனியாருடையது. அனைத்தும் உள்ளங்கையுள் அடங்கும் தட்டையான வடிவம்.

ஆகப் போட்டி இதுதான்: வாப்பாவின் உருண்டைச் சிவப்பு ரீலா, மகனின் தட்டை ரீலா? ஹாஜியார் வாய்விட்டுக் கூறாவிட்டாலும், பழையதை விட்டுப் புதியதை எடுப்பது வாப்பாவுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் மனத்தில் ஓர் எண்ணம் இருந்ததை அறிந்தோம். பணமும் சிறு விஷயமன்று. 2022 இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபா வரை ஏறிய பின்னர், நல்ல ரீலின் விலை ஆசிரியர் சம்பளத்துடன் போட்டியிடுகின்றது. தவறானதை வாங்கிவிட்டால் கட்டாருக்குத் திருப்பியனுப்புவது நடவாத காரியம்.

தடுப்புமுறையே முதலிற் பார்க்க வேண்டியது என்று முடிவு செய்தோம். பழைய அம்பாசடரில் உள்ளது மையநீக்கத் தடுப்பு. உருளை சுழலும்போது இரு சிறு கட்டைகள் வெளிநோக்கி ஒதுங்கி ஒரு வளையத்தில் உராயும். வேகம் இருமடங்கானால் உராய்வு நான்கு மடங்காகும். வேகம் தணிந்தால் தடுப்பும் விரைவில் இல்லாமற் போகும். எறியின் கடைசிப் பகுதிக்குப் பெருவிரலே காவல். காந்தத் தடுப்பு வேறு விதமானது. அலுமினிய உருளையின் அருகே சிறு காந்தங்கள் இருக்கும். காந்தம் அலுமினியத்தைக் கவர்வதில்லை. ஆயினும் உருளை சுழலும்போது அதனுள்ளே சுழிப்போட்டங்கள் தோன்றிச் சுழற்சியை எதிர்க்கும். இங்கே தடுப்பு வேகத்துக்கு நேராகவே ஏறி இறங்குவதால் எறியின் இறுதி வரை ஓரளவேனும் நின்று காக்கும். வெளியே உள்ள குமிழைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஹாஜியார் இதனை நம்பவில்லை. கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து ஓர் அலுமினியக் குழாயையும் வலிய காந்தம் ஒன்றையும் கொண்டுசென்றோம். முதலில் ஓர் ஆணியைக் குழாயிற் போட்டோம்; உடனே விழுந்தது. பின்னர் காந்தத்தைப் போட்டோம். எண்ணெயில் இறங்குவது போல மெல்ல மெல்ல இறங்கியது. ஹாஜியார் குழாயை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் பதினைந்து தடவை போட்டுப் பார்த்தனர். எமது மாணவரிடம் இத்துணை ஆர்வத்தை நாம் கண்டதில்லை.

அடுத்தது கைப்பிடி எந்தப் பக்கம் என்ற கேள்வி. மகன் தெரிவு செய்திருந்தது இடப்பக்கக் கைப்பிடி. வலக்கையால் எறிந்து, கோலை மாற்றாமலே இடக்கையாற் சுற்றலாம் என்பது அவர் வாதம். ஏனையோருக்கு அது நல்ல யோசனையே. ஹாஜியாருக்கோ எறிய வேண்டிய வலக்கையிலேதான் குறை. இடக்கையால் எறியப் பழகினால், உணர்வுள்ள பெருவிரல் உருளை மேல் இருக்கும். வலக்கை கைப்பிடியைச் சுற்றினாற் போதும், அதற்கு நுட்பம் வேண்டியதில்லை. ஆகவே வலப்பக்கக் கைப்பிடியே தேவை. பழகாத இடக்கையின் பிழைகளைக் காந்தம் பொறுத்துக்கொள்ளும். இதனை அன்றிரவே கட்டாருக்கு அறிவித்தோம். நல்ல காலம், மகன் அப்பொழுதும் காசு கொடுத்திருக்கவில்லை.

பற்சில்லு விகிதம் பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். நூல் நிறைந்த உருளையின் சுற்றளவு பத்துச் சென்ரிமீற்றர் என்று கொள்வோம். 5.3 விகிதமாயின் கைப்பிடி ஒருமுறை சுற்றும்போது ஐம்பத்து மூன்று சென்ரிமீற்றர் நூல் ஏறும், 7.1 ஆயின் எழுபத்தொரு சென்ரிமீற்றர். வேகம் மிகுந்தால் இழுவலிமை குறையும். மேட்டில் ஏறும் சைக்கிளோட்டி எந்தப் பல்லைத் தெரிவான் என்பதை எண்ணினால் விடை கிடைக்கும். கண்டல் வேர்களிலிருந்து கொடுவாவை இழுக்கும் முதியவருக்குக் குறைந்த விகிதமே உதவும்.

பெயாரிங் எண்ணிக்கையைப் பற்றி எமது சொந்த அநுபவமொன்றைக் கூறாமல் விட முடியாது. ஹாஜியாரோடு சேர்ந்து எமக்கும் ஆசை பிறக்க, நகரிலே ஒரு கடையில் ‘பன்னிரண்டு பெயாரிங்’ என்று பெட்டியில் அச்சிட்ட மலிவான ரீலை வாங்கினோம். ஒரு மாரிகாலம் கழிவதற்குள் உவர்நீர் பட்டு அது அம்மிக் கல்லைப் போல அரைக்கத் தொடங்கியது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடற்கரைக்குக் கொண்டு போனதற்குத் தாம் பொறுப்பல்ல என்று கூறிவிட்டார். துருப்பிடியாத நான்கு பெயாரிங் துருப்பிடிக்கும் பன்னிரண்டிலும் மேல். எந்த ரீலாயினும் வீடு திரும்பியதும் நன்னீரால் மெல்லக் கழுவித் துடைக்க வேண்டும். ஹாஜியாரின் சிவப்பு ரீல் இத்தனை ஆண்டு வாழ்ந்தது இவ்வொரு பழக்கத்தினால்தான்.

மகன் வந்தார், ரீலும் வந்தது. தட்டை வடிவம், வலப்பக்கக் கைப்பிடி, காந்தத் தடுப்பு, குறைந்த விகிதம். ஹாஜியார் அதனைக் கையில் நிறுத்துப் பார்த்து, “காத்து மாதிரி இருக்கே” என்றார். அது பாராட்டா குறையா என்று எமக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொல்கொடவுக்குப் புறப்பட்டபோது இரண்டு ரீல்களையுமே பையில் வைத்திருந்தார்.

காந்தக் குமிழை முழுவதும் திருகிய நிலையில் இடக்கையால் முதலில் எறிந்தது பத்து யார் தூரமும் போகவில்லை. இரண்டாவது வள்ளத்தின் அணியத்திலேயே மோதியது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமும் நீரைப் பார்ப்பவர் போல இருந்தோம். ஆறாவதோ ஏழாவதோ எறியில் இரை கண்டல் நிழலில் ஓசையின்றி விழுந்தது, உருளை அமைதியாக நின்றது, சிக்கு இல்லை. எம்மைக் கேளாமலே அவர் குமிழை ஒரு படி தளர்த்திவிட்டு மறுபடியும் எறிந்தார். பகல் பத்து மணிக்குள் இரண்டு செப்பலியும், ஏறத்தாழ மூன்று கிலோ கொடுவா ஒன்றும் வந்தன. கொடுவா நீருக்கு மேலே துள்ளித் தலையை உலுப்பியபோது, அதன் கன்னச் செதிலின் கூர்விளிம்பு நூலை அறுத்துவிடுமோ என்று எமக்குத்தான் நெஞ்சு பதைத்தது. அவர் வலக்கையாற் சீராகச் சுற்றிக்கொண்டேயிருந்தார்.

சிவப்பு ரீல் அன்று பையிலிருந்து வெளியே வரவில்லை. திரும்பும் புகையிரதத்திலே அதனைத் துணியோடு எடுத்து எமது மடியில் வைத்தார். மறுத்தோம். வாப்பாவின் பொருளாயிற்றே என்றோம்.

“சும்மா வெச்சா துரு ஏறும் சேர். உங்கட பெருவிரல் நல்லாத்தானே இரிக்கி?”

இப்பொழுது மாலை வேளைகளில் எமது மொட்டைமாடியில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி எறிந்து பழகி வருகிறோம். எறியும் நேரத்தைவிடச் சிக்கு அவிழ்க்கும் நேரமே இதுவரை அதிகம். மூன்றாம் வீட்டுப் பலகணியிலிருந்து ஹாஜியார் எண்ணிக்கொண்டிருக்கிறார்.