ஹட்கோ கடன் கொடுக்கிறது. வீட்டைக் கட்டுவது யார்?

மதுரையில் எல்லீஸ் நகர், வில்லாபுரம் பக்கம் வழி கேட்டால் 'ஹவுசிங் போர்டு' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. ஓசூரிலும் கோவை பீளமேட்டிலும் அதேபோல 'ஹட்கோ' என்பார்கள். ஓசூரில் ஒரு காவல் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். அங்கே பிள்ளைகளிடம் ஹட்கோ என்றால் என்ன என்று கேட்டால், ஏரியா பெயர் என்று சொல்வார்கள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நமக்கும் பெரும்பாலும் தேவை வந்ததில்லை. ஆனால் வீட்டுத் திட்டத்துக்கு எழுதிப்போட்ட பெற்றோர், வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இதுல என்ன சார் போட்டிருக்கு?' என்று பள்ளிக்கு வருவது பலரும் கண்டதுதான். பணம் எங்கிருந்து புறப்பட்டு, எந்த வழியாக, எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஹட்கோ. ஒன்றிய அரசின் நிறுவனம். 1970 ஏப்ரல் 25 அன்று பதிவுசெய்யப்பட்டது. பெயரைக் கேட்டால் வீடு கட்டும் நிறுவனம் என்று தோன்றும். அதன் முதன்மையான வேலை கடன் கொடுப்பது. அரசு நிறுவனம் என்ற நம்பிக்கையின் பேரில் சந்தையில் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். அந்தப் பணத்தை மாநில வீட்டுவசதி வாரியங்களுக்கும் குடிசை மாற்று வாரியங்களுக்கும் கடனாகத் தரும். மாநில அரசு அதற்கு உத்தரவாதம் கொடுக்கும். ஏழைகளின் வீட்டுக்குக் குறைந்த வட்டி, வசதியானவர்களின் வீட்டுக்குக் கூடுதல் வட்டி என்று பிரித்து வசூலிப்பது அதன் பழைய வழக்கம்.

நிலத்தை எடுப்பது, வரைபடம் போடுவது, ஒப்பந்தப்புள்ளி கோருவது, குலுக்கல் நடத்துவது, மாதத் தவணை வசூலிப்பது எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. நம்மூரில் இதற்கு இரண்டு வாரியங்கள் உண்டு. ஒன்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். மற்றொன்று 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம். 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தவணை முறையில் வீடு பெற்றவர்களுக்குக் கடைசித் தவணையும் கட்டி முடித்த பிறகுதான் கிரயப்பத்திரம் கிடைக்கும். அதனால் இருபது ஆண்டு குடியிருந்த பிறகும் 'வீடு எங்க பேர்ல இல்ல சார்' என்று ஒரு பெற்றோர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இன்று பெற்றோர் கையில் இருக்கும் கடிதம் பெரும்பாலும் கடனைப் பற்றியதாக இருக்காது, மானியத்தைப் பற்றியதாக இருக்கும். பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. ஊரகப் பிரிவு 2016 நவம்பரில். ஊரகப் பிரிவு, 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் வாரிசு. கிராமத்துக்காரர்கள் பலர் இன்னமும் 'இந்திரா வீடு' என்றுதான் சொல்கிறார்கள். நகர்ப்புறப் பிரிவில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, 30 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு, ஒன்றிய அரசு 1.50 லட்சம் தந்தது. சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்குத் தமிழ்நாடு அரசு 60,000 சேர்த்ததால் மொத்தம் 2.10 லட்சம் ஆனது. ஊரகப் பிரிவில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், குறைந்தது 25 சதுர மீட்டர். மேற்கூரைக்கென்று மாநில அரசு தனியாகத் தருகிறது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது நகர்ப்புறப் பிரிவின் விதி. அந்தக் கடிதத்தில் அம்மாவின் பெயர் இருப்பது தட்டச்சுப் பிழை அன்று என்பதைச் சில அப்பாக்களுக்கு நாம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

30 சதுர மீட்டர் எவ்வளவு? சுமார் 323 சதுர அடி. இருபதுக்கு இருபது அடியில் கட்டிய வகுப்பறை 400 சதுர அடி. ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும் நாளில் சுண்ணக்கட்டியால் தரையில் அந்த வீட்டை வரையச் சொல்லலாம்: சமையலறை, கழிப்பறை, ஐந்து பேர் படுக்க இடம், பிறகு ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்து வைக்க இடம். வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்பதற்கான காரணம் அந்தக் கோட்டுப்படத்திலேயே சில சமயம் தெரிந்துவிடும்.

இந்தத் திட்டங்களில் முதலில் கேட்கப்படுவது நிலம். தானே கட்டிக்கொள்ளும் பிரிவில் சேரப் பட்டா வேண்டும். மதுரையைச் சுற்றிக் கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு அது கிடைக்காது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தரக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. நீர்நிலை பிழைக்க வேண்டும் என்பதில் நமக்கும் வேறு கருத்து இல்லை. ஆக அந்தக் குடும்பங்களுக்கு எஞ்சுவது வாரியம் கட்டும் அடுக்குமாடி வீடுதான். அதற்கான நிலமோ நகருக்கு வெளியேதான் அகப்படுகிறது. ஒத்தக்கடைப் பக்கம் ராஜாக்கூரில் எழுந்த வாரியக் குடியிருப்பு அப்படிப்பட்டது. பணம் டெல்லியில் இருந்து வந்தாலும், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை முடிவுசெய்வது பெற்றோரிடம் இருக்கும் அல்லது இல்லாத அந்தப் பட்டாதான்.

பட்டா இருப்பவர்களின் சிக்கல் வேறு. மானியம் மொத்தமாக வராது. அடித்தளம், நிலைமட்டம், கூரை, முடிவு என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அலுவலர் வந்து, இட அடையாளத்தோடு படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு அந்தக் கட்டத்துக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஊரகத் திட்டத்தில் சிமெண்ட்டையும் கம்பியையும் துறையே கொடுத்து விலையைக் கழித்துக்கொள்வதும் உண்டு. பணம் வேறு செலவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தவறு சொல்ல முடியாது. ஆனால் முதல் கட்டத்தை முடிக்கும் வரை செலவு குடும்பத்தின் தலையில்தான். கூலி வேலை செய்பவரிடம் அந்த முன்பணம் எப்படி இருக்கும்? நகையை அடகு வைக்கிறார்கள். நகை இல்லாதவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800. தவணை நான்கு மாதம் தாமதமானால் 7,200. பத்து மாதமானால் 18,000. மாநில அரசு சேர்த்துத் தந்த 60,000இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம் என்பதைப் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கில்தான் முதன்முறையாகக் கவனிக்கிறார்கள். தனிவட்டிப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதிக வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். கட்டுமானம் பாதியில் நிற்கும் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் போனால், அவன் சித்தாள் வேலைக்குப் போகிறானா என்று விசாரிப்பது நல்லது.

மண்ணும் இதில் ஒரு கட்சி. மேலூர்ப் பக்கம் செம்மண், அடியில் பாறை. திருமங்கலம், பேரையூர், தே.கல்லுப்பட்டி வட்டாரங்களில் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். ஆழம் போதாத அடித்தளத்தைத் தூக்கிப் போட்டுச் சுவரில் விரிசல் விடும். அடித்தளச் செலவு அங்கே கூடுதல். மானியமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இதற்கும் ஓர் ஒன்றிய அரசு நிறுவனம் வழி கண்டிருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறுகலான குழி தோண்டி, அடியில் மட்டும் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பும் முறையைக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்தது. ஈரம் ஏறி இறங்காத ஆழம்வரை போவதால் வீடு அசையாது. அதுபோல, 1980களில் கேரளத்தின் கொல்லத்தில் வெள்ளத்துக்குப் பின் தொடங்கிய கட்டட மையம் என்ற முயற்சியை ஹட்கோ நாடெங்கும் பரப்பியது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு போன்ற சிக்கன முறைகளை அங்கே கொத்தனார்களுக்குக் கற்றுத் தந்தார்கள். ஆனாலும் தனித்தனியாக வீடு கட்டுபவர்கள் ஊர்க் கொத்தனார் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கொத்தனார் நம் பழைய மாணவராகவே இருக்கக்கூடும்.

வீடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளி உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நம் மாநில விதி. நகரின் நடுவில் நடந்து வந்த பிள்ளை, வீடு மாறிய மறுநாள் பேருந்தில் வர வேண்டியதாகிறது. சில நாள் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். புது இடத்துப் பள்ளியில் ஆண்டின் நடுவில் சேர்க்க மறுக்கக் கூடாது; மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டவும் கூடாது. சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழைய பள்ளியின் பங்கு, எமிஸ் தளத்தில் அந்த மாணவரைப் பொதுத் தொகுப்புக்கு உடனே மாற்றிவிடுவது. அதைச் செய்யாதவரை புதிய பள்ளி விரும்பினாலும் அந்தப் பிள்ளையைத் தன் பட்டியலில் ஏற்ற முடியாது. இடமாற்றப் பட்டியல் வெளியான வாரத்திலேயே, எந்தெந்த வகுப்பில் எந்தெந்தப் பிள்ளைகள் போகிறார்கள் என்று தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.