புருஷன் ஜெயிலில்... கம்பெனி மதுரம் கையில்!

கலைவாணரை மீட்க நாடகமும் சினிமாவும் நடத்திய நடிகை

நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர்களுக்கு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் என்றால் சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த கதை அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் கொலை வழக்கில் சிக்கி அவர் இரண்டரை வருஷம் ஜெயிலில் கிடந்தபோது, அவருடைய கம்பெனியை இழுத்துப் பிடித்து நடத்தியது யார் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

நடத்தியவர், அவரது மனைவி டி.ஏ.மதுரம்.

பூனாவில் கல்யாணம்

மதுரம் ஸ்ரீரங்கத்துப் பெண். 1935-ல் வந்த 'ரத்னாவளி' படத்தில் நடித்தார். பாடத் தெரியாதவருக்கு சினிமாவில் அவ்வளவாக வேலை இல்லாத காலம் அது. மதுரத்துக்கு கணீரென்ற குரல்.

'வசந்தசேனா' படத்துக்காக பூனா போனபோது கிருஷ்ணனுடன் பழக்கம். போன இடத்தில் குழுவின் சாப்பாட்டுச் செலவுக்கு மதுரம் கையில் இருந்த பணத்தைத்தான் கிருஷ்ணன் வாங்கிச் சமாளித்தார் என்று சொல்வார்கள். கடன் கொடுத்தவரையே கல்யாணம் செய்து கொண்டார்!

அதன்பிறகு இருவரும் ஜோடி சேர்ந்தால் படம் ஓடும் என்ற நிலை. இவர்களே தனியாக காமெடி எடுத்து, மற்றவர்கள் படத்தில் சேர்ப்பதும் உண்டு. கல்யாண வீடா, கோயில் கொடையா, இவர்களுடைய பாட்டு பிளேட் சுற்றாமல் இருக்காது. ஒழுகினசேரியில் கிருஷ்ணன் கட்டிய பெரிய வீட்டுக்கும் மதுரத்தின் பெயர்தான்.

ரிக்ஷாவில் கத்திக்குத்து

1944 நவம்பர் 8-ந்தேதி சென்னை வேப்பேரியில் அந்தச் சம்பவம் நடந்தது.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த 'இந்துநேசன்' பத்திரிகையை நடத்தியவர் லட்சுமிகாந்தன். ரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்த அவரை மடக்கிக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். நாடே பரபரப்பானது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வழக்கு நடந்ததோ வெள்ளைக்காரன் ஆண்ட சென்னையில். பேப்பர் எப்போது வரும் என்று ஊரே காத்துக் கிடந்தது.

1945 மே 3-ந்தேதி தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டு அப்பீலும் அதே வருஷம் தள்ளுபடி ஆனது.

இனி பாக்கி இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றுதான்.

சும்மா ஏற முடியுமா?

கோர்ட்டு படியைச் சும்மா ஏற முடியாது. பெரிய பெரிய வக்கீல்கள் வேண்டும். லண்டன் வரை போவதென்றால் செலவைக் கேட்கவே வேண்டாம். சம்பாதிக்கும் மனுஷனோ உள்ளே.

கையில் இருந்தது என்.எஸ்.கே. நாடக சபை. பெயருக்கு சொத்து. நடைமுறையில் அது தினமும் சோறு கேட்கும் வாய். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி எப்படி என்று இன்றைய கடைக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கம்பெனி வீட்டில் அத்தனை பேருக்கும் உலை வைக்க வேண்டும். கொட்டகை வாடகை, சீன் படுதா, உடுப்பு, விளக்கு, ஊர் மாறினால் சாமான்களை ரயிலேற்றும் கூலி என்று வரிசையாகக் கை நீளும். வரவு மட்டும் டிக்கெட் கிழிக்கும் ராத்திரியில்தான். ஒரு வாரம் மழை பெய்தால் போச்சு.

போதாக்குறைக்கு கம்பெனிக்குள்ளேயே பிளவு. முக்கிய நடிகர் கே.ஆர்.ராமசாமி பிரிந்து போய் 'கிருஷ்ணன் நாடக சபை' என்று தனியாக ஆரம்பித்தார். அண்ணாவின் 'வேலைக்காரி'யை மேடையேற்றிய சபை அதுதான். அவரும் கிருஷ்ணன் பெயரைத்தான் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறையில் இருந்தவர் மேல் இரண்டு பக்கமும் பாசம் இருந்தது.

மதுரம் கம்பெனியை மூடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக் கொண்டு நடத்தினார். புருஷன் ஜெயிலில் இருக்கும்போது மேடையில் நின்று ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். வசூலை எண்ணி வழக்குக்கு அனுப்ப வேண்டும். இது சாதாரண காரியம் அல்ல.

நாடகம் சினிமா ஆனது

சகஸ்ரநாமம் எழுதிய 'பைத்தியக்காரன்' நாடகம் நன்றாக எடுபட்டது. விதவை மறுமணத்தைப் பேசிய கதை. இதையே படமாக எடுத்தால் வழக்குச் செலவுக்குப் பணம் வரும் என்று துணிந்து இறங்கினார் மதுரம்.

கிருஷ்ணன்-பஞ்சு டைரக்டு செய்தார்கள். சகஸ்ரநாமமும் மதுரமும் நடித்தார்கள். பின்னாளில் முதல்-அமைச்சரான எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன வேஷம்தான்!

நடிகைகள் தொழிலில் இறங்கியது அதற்கு முன்பும் பின்பும் உண்டு. டி.பி.ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை சொந்தமாக எடுத்து டைரக்டும் செய்தார். பாடகியும் நடிகையுமான பானுமதி பின்னாளில் பரணி ஸ்டூடியோவுக்கே சொந்தக்காரர் ஆனார். அவர்களெல்லாம் ஆசைப்பட்டு முதலாளி ஆனவர்கள். மதுரம் அப்படி அல்ல. ஒரு மனுஷனை ஜெயில் கம்பிக்கு வெளியே கொண்டு வருவதற்காக முதலாளி ஆனவர்.

விடுதலை!

லண்டன் பிரிவி கவுன்சில், வழக்கை ஐகோர்ட்டு மறுபடி விசாரிக்கச் சொன்னது. பிரபல வக்கீல் எதிராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் 25-ந்தேதி இருவரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்யப்பட்டார்கள்.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. சொந்தப் படங்கள் எடுத்தும் கை கொடுக்கவில்லை.

கிருஷ்ணன் கதை வேறு. அவருக்குத் திரும்பி வர ஒரு கம்பெனி இருந்தது. 'பைத்தியக்காரன்' படத்தில் அவருக்காகவே ஒரு வேஷத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். தன்னை மீட்க ஆரம்பித்த படத்தில் தானே நடித்தார் கிருஷ்ணன். அதே 1947-ல் படம் வெளிவந்தது. தொடர்ந்து 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி', 1951-ல் கிருஷ்ணனே டைரக்டு செய்த 'மணமகள்' என்று படங்கள் வந்தன.

கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்த கை அவருடையது. ஆகவே வந்த பணம் தங்கவில்லை. 1957 ஆகஸ்டு 30-ந்தேதி கலைவாணர் காலமானபோது வயது 48 தான்.

அதன்பிறகு 17 வருஷம் மதுரம் உயிரோடு இருந்தார். 1974-ல் காலமானார்.