கழித்தால் கூடுமா?

2 ஓம் மின்தடை ஒன்றையும் 3 ஓம் மின்தடை ஒன்றையும் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை எவ்வளவு? கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். சூத்திரத்தை எல்லோரும் பிழையின்றி எழுதினர். ஆனால் சிலர் 1/2 + 1/3 = 2/5 என்று கூட்டி, அதைத் தலைகீழாக்கி, 2.5 ஓம் என விடை தந்தனர். அவர்கள் வழுக்கிய இடம் இயற்பியல் அன்று. பள்ளியில் படித்த பின்னக் கணக்கு! அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிட அதிகமாக அல்லவா வரவேண்டும்? 2/5 என்பதோ அரையைவிடக் குறைவு. இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாணவ நண்பர்களே, இத்தகைய அடிப்படைகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள ஒரு வினாடி வினா விளையாட்டைச் சொல்கிறேன். வகுப்பில் முல்லை, மல்லிகை என இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். ஒருவர் நடுவர். கேள்விகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுக்கவேண்டும். விடை சரியானால் 1 புள்ளி. காரணத்தையும் சரியாக விளக்கினால் மேலும் 2 புள்ளிகள். விடை தவறானால் அபராதம் −2. கரும்பலகையில் ஓர் எண்கோடு வரைந்து, இரு அணிகளையும் சுழியத்திலிருந்து தொடங்குங்கள்.

முல்லை அணி முதலில் 1 புள்ளி பெறுகிறது என்போம். அடுத்த விடை தவறு; 1 − 2 = −1. மீண்டும் தவறு, இப்போது −3. மல்லிகை அணி −1இல் நிற்கிறது. முன்னணியில் இருப்பது யார்? 3 பெரிது என்பதால் −3 பெரிது என்று எண்ணுபவர்கள் எண்கோட்டைப் பார்த்ததும் திருந்திவிடுவார்கள்.

இப்போது முல்லை அணி மேல்முறையீடு செய்கிறது. ஓர் அபராதம் தவறு என்று நடுவர் ஒப்புக்கொண்டு அதை நீக்குகிறார். −3 − (−2) = −1. புள்ளி உயர்ந்துவிட்டது! கழித்தால் கூடுமா? கழிப்பது கடனாக இருந்தால் கூடத்தானே செய்யும்? இப்படி மூன்று அபராதங்களை நீக்கினால் (−3) × (−2) = +6. மனப்பாடம் செய்த விதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர், மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு இவ்விதிகளை வகுத்திருக்கிறார்.

இனிச் சில சீட்டுகளைப் பிரிப்போம்.

2 + 3 × 4 = ? விடை 20 அன்று; 14. 2 ரூபாய்ப் பென்சில் ஒன்றும் 4 ரூபாய் நோட்டு மூன்றும் வாங்கினால் கடைக்காரருக்கு எவ்வளவு தருவீர்கள்?

3(x + 4) என்பது 3x + 4 ஆகுமா? x = 1 என்று வைத்துப் பாருங்கள். முதலாவது 15, இரண்டாவது 7. மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் x கோலிகளும் அவற்றோடு 4 கோலிகளும் இருந்தால், அந்த நான்கும் மூன்று முறை வரவேண்டும் அல்லவா? எனவே 3x + 12.

x + 5 = 12 எனில் x என்ன? "7, ஐந்து அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகிவிடும்" என்பவருக்கு 1 புள்ளிதான். எண்ணுக்குக் கால் முளைத்து அது எங்கும் போவதில்லை. சமன்பாடு ஒரு தராசு. இரு தட்டுகளிலிருந்தும் ஐந்தை எடுக்கிறோம். தராசு சாயாமல் நிற்கிறது. இதைச் சொல்பவருக்கே முழுப் புள்ளிகள்.

கடைசிச் சீட்டாக என் மின்தடைக் கணக்கை வையுங்கள். 1/2 + 1/3 = 3/6 + 2/6 = 5/6. ஆகவே விடை 6/5, அதாவது 1.2 ஓம். 2.5 ஓம் ஏன் வரவே முடியாது? 2 ஓம் தடைக்குப் பக்கத்தில் மின்னோட்டம் செல்ல இன்னொரு வழியையும் திறந்துவிட்டோம். வழி கூடினால் தடை குறையத்தானே வேண்டும்? விடை எழுதியபின் இப்படி ஒரு கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் அணிதான் வெல்லும்.